சுருட்டை முடி, கோரை முடி, இளநரை... யார் கொடுத்த சொத்து?

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில், ஷிப்ட் முடிகிற நேரமாகப் பார்த்து ஒரு கால் மணி நேரம் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்களிலிருந்து இறங்குகிறவர்களின் முகத்தை விட்டுவிட்டு, தலையை மட்டும் கவனியுங்கள். விழுப்புரம் பக்கத்துப் பெண்ணின் சுருள் சுருளான பின்னல். அஸ்ஸாமிலிருந்து வேலைக்கு வந்த பையனின் குச்சி குச்சியான நேர் முடி. ஒடிசாக்காரரின் அலை அலையான கிராப். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பித்த பிறகு இந்தப் பக்கம் குடிவந்த கொரியாக்காரர்களின், எண்ணெய் தடவாமலே மின்னும் கோரை முடி.

ஒரே வெயில். ஒரே தூசி. கிட்டத்தட்ட ஒரே போர் தண்ணீர். ஆனால், தலைக்குத் தலை முடி வேறு!

இது ஏதோ அழகு நிலைய சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்திலிருந்து என்னிடம் வருகிறவர்களில் பலரும் முடியைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்காமல் போவதில்லை. முடியைக் காரணம் காட்டி வரன் தட்டிப் போகிறது. முடியை வைத்து மருமகள் மேல் பழி விழுகிறது. 'எல்லாம் வம்சம்' என்று விட்டுவிட்டதால், உள்ளே இருக்கும் நோய் தெரியாமலே போகிறது. அதனால் எது பிறவிச் சொத்து, எது நாமாகத் தேடிக்கொண்டது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

வேருக்குள் ஒரு சாயப் பட்டறை

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தோலுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பையிலிருந்து முளைக்கிறது. இதை மயிர்ப்பை என்பார்கள். பிறக்கும்போது எத்தனை பைகள் இருந்தனவோ, அவ்வளவுதான். பிறகு புதிதாக ஒன்றுகூட உண்டாவதில்லை. ஒரு முடி இரண்டு முதல் ஆறு வருஷம் வரை வளரும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். பிறகு சில வாரங்களில் வளர்ச்சி அடங்கி, சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்து, உதிர்ந்துவிடும். அதே பையிலிருந்து அடுத்த முடி கிளம்பும். தினம் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கை. சீப்பில் நாலு முடியைப் பார்த்ததும் பதறவேண்டாம்!

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்கு நிறம் கொடுப்பது மெலனின். வேரின் அடியில் மெலனோசைட் என்ற நிறமிச் செல்கள் உட்கார்ந்துகொண்டு, வளர்கிற முடிக்கு ஓயாமல் சாயம் ஏற்றிக்கொண்டிருக்கின்றன. சாயத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று யூமெலனின், கறுப்பும் பழுப்பும் இதன் வேலை. இன்னொன்று ஃபியோமெலனின், சிவப்பும் மஞ்சளும் இதன் வேலை. நம்மவர்களுக்கு யூமெலனின் தாராளம். அதனால்தான் கருகரு கூந்தல்.

எந்தச் சாயத்தை எவ்வளவு கலக்கவேண்டும் என்று உத்தரவு போடுவது யார்? ஜீன்கள். தமிழில் மரபணுக்கள் என்கிறோம். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் ஜோடியாக இருக்கிறது. ஒன்று அம்மா கொடுத்தது, இன்னொன்று அப்பா கொடுத்தது.

வெள்ளைக்காரர்களில் சிலருக்கு செம்பு நிறத்தில் முடி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 16-வது குரோமோசோமில் இருக்கும் எம்.சி.1.ஆர். என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம்தான் அதற்குக் காரணம் என்று 1995-ல் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் மாறிய பிரதி வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்குச் செம்முடி. ஒரு பக்கம் மட்டும் வந்தால் அது உள்ளே ஒளிந்துகொண்டிருக்கும். வெளியே தெரியாது. பேரன் காலத்தில் தலைகாட்டினாலும் காட்டும்!

இன்னொரு விந்தை. பசிபிக் கடலில் சாலமன் தீவுகள் என்று இருக்கின்றன. அங்குள்ளவர்களுக்கு நம்மைவிடக் கறுத்த தோல். ஆனால், அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேருக்குத் தலைமுடி பொன்னிறம்! 'வெள்ளைக்கார மாலுமிகளின் கலப்பு' என்றும், 'மீன் சாப்பாடு, உப்புக் காற்று' என்றும் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். 2012-ல் ஆராய்ந்து பார்த்தபோது, டி.ஒய்.ஆர்.பி.-1 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது தெரிந்தது. அந்த மாற்றம் ஐரோப்பியர்களிடம் இல்லை. அந்தத் தீவுக்காரர்களின் சொந்தச் சொத்து! வாய்க்கு வந்தபடி பேசிய கலப்புக் கதை அன்றோடு முடிந்தது.

சுருட்டையும் கோரையும்

முடியின் வளைவு பையின் வடிவத்தைப் பொறுத்தது. மயிர்ப்பை நேராக இறங்கியிருந்தால் முடியும் நேராக வரும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்கும். பை வளைந்திருந்தால் முடி சுருளும். வெட்டுமுகம் நீள்வட்டமாகவோ தட்டையாகவோ இருக்கும். முறுக்குப் பிழியும்போது அச்சில் உள்ள ஓட்டை எப்படியோ அப்படித்தானே முறுக்கு விழும்? அதே கணக்கு.

கொரியா, சீனா, ஜப்பான்காரர்களுக்கும், நம் வடகிழக்கு மாநிலத்தவர் பலருக்கும் முடி தடிமனாகவும் நேராகவும் இருப்பதில் ஈடார் என்ற மரபணுவுக்கு முக்கியப் பங்கு உண்டு. சுமார் 30,000 வருஷங்களுக்கு முன்பு சீனப் பகுதியில் இதில் ஒரு மாற்றம் தோன்றியிருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2013-ல் இதே மாற்றத்தை எலிகளுக்குப் புகுத்திப் பார்த்தபோது, எலிகளின் முடி தடித்துப்போனது. வியர்வைச் சுரப்பிகளும் கூடின. இந்த மாற்றம் உள்ள மனிதர்களுக்கு முன்பற்களின் உட்புறம் மண்வாரி போலக் குழிந்திருப்பதும் உண்டு. ஒரே மரபணு... முடியிலும் கை வைக்கிறது, பல்லிலும் கை வைக்கிறது!

ஐரோப்பியர்களின் நேர் முடிக்கு இந்த மரபணு காரணமில்லை. அவர்களுக்கு ட்ரைக்கோஹயாலின் என்ற வேறொரு மரபணு கொஞ்சம் பங்கு வகிக்கிறது. இதை 2009-ல் ஆஸ்திரேலியாவின் இரட்டையர்களை வைத்து நடத்திய ஆய்வில் கண்டார்கள். முடியின் சுருளில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் 85 முதல் 95 சதவிகிதம் வரை பரம்பரையால் வருவதே என்றும் அந்த ஆய்வு சொன்னது. சுருட்டை முடிக்கு ஷாம்பூவைக் குறை சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

"இது யாரைக் கொண்டு பொறந்துச்சு?"

பள்ளிக்கூடத்தில் மெண்டலின் பட்டாணிச் செடி படித்திருப்பீர்கள். நெட்டைச் செடி, குட்டைச் செடி என்று இரண்டே கட்சி. முடி அப்படி இல்லை. அதன் வளைவையும் தடிமனையும் பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட்டுக்கட்டைப் புதிதாகக் கலைத்துப் போடுகிற மாதிரிதான். அம்மா கையிலிருந்து பாதி, அப்பா கையிலிருந்து பாதி. எந்தப் பாதி என்று யாரும் சொல்லமுடியாது.

ஒருநாள் ஒரு அம்மா, மகனையும் மருமகளையும் எட்டு மாதக் குழந்தையையும் அழைத்துவந்தார். குழந்தைக்குச் சளி என்றுதான் சீட்டு போட்டிருந்தார்கள். நாடி பார்த்து மருந்து எழுதி முடித்ததும் அந்த அம்மா மெதுவாக ஆரம்பித்தார்.

"ஐயா, என் புள்ளைக்கும் கோரை முடி. இவளுக்கும் கோரை முடி. கொழந்தைக்கு மட்டும் இப்படிச் சுருட்டை சுருட்டையா இருக்கே... எப்படிங்கய்யா?"

மருமகள் தலை நிமிரவில்லை. மகன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் இந்தக் கேள்வி இதற்கு முன்பே பலதடவை கேட்கப்பட்டிருக்கிறது என்று புரிந்தது.

"உங்க பொறந்த வீட்டுல யாருக்காவது சுருட்டை முடி உண்டாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க பெரியண்ணனுக்கு உண்டுங்க. ஊர்லயே அவரைச் சுருட்டைன்னுதான் கூப்..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. மகன்தான் முதலில் சிரித்தார். அப்புறம் அந்த அம்மாவே குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

இந்த வீட்டில் ஒரு தாய்மாமன் அகப்பட்டார். எல்லார் வீட்டிலும் அகப்படவேண்டும் என்பதில்லை. மூன்று தலைமுறைக்கு முந்தைய பாட்டியின் போட்டோ எத்தனை வீட்டில் இருக்கிறது? சொந்தத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும்கூட, நேர் முடிப் பெற்றோருக்குச் சுருட்டைப் பிள்ளை பிறக்கலாம். சுருட்டைப் பெற்றோருக்குக் கோரை முடிப் பிள்ளையும் பிறக்கலாம். முடியையோ, நிறத்தையோ, மூக்கையோ வைத்து ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைச் சந்தேகப்படுவதற்கு மருத்துவத்தில் துளியும் ஆதாரம் இல்லை. இதை மாமியார்களும், முக்கியமாகக் கணவர்களும் மனசில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று... குழந்தையின் முதல் முடியை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். பிறந்தபோது இருக்கும் முடி சில மாதங்களில் உதிர்ந்து வேறு முடி வரும். அது பள்ளி வயதில் ஒரு மாதிரி இருக்கும், வயசுக்கு வந்த பிறகு இன்னொரு மாதிரி மாறும்.

"மொட்டை போட்டா முடி அடர்த்தியா வளருமாமே?" என்று கேட்பார்கள். பழனிக்கோ திருத்தணிக்கோ வேண்டுதல் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். ஆனால், மழிப்பது தோலுக்கு மேலே. பை இருப்பது தோலுக்கு உள்ளே. மழித்த முடி மழுங்கிய முனையோடு முளைப்பதால் தடவும்போது தடிமனாகத் தோன்றும். அவ்வளவுதான்.

இளநரை: பித்தமா, வம்சமா, ரத்தமா?

நிறமிச் செல்களுக்கு ஒரு சேமிப்புக் கிடங்கு உண்டு. ஒவ்வொரு முறை புது முடி வளரும்போதும் அங்கிருந்து புதிய செல்கள் இறங்கி வந்து வேலையை ஏற்கும். கிடங்கு காலியானால் முடி சாயமில்லாமல் வெளியே வரும். அதுதான் நரை. நம்மைப் போன்ற ஆசிய நாட்டவருக்கு 25 வயதுக்கு முன்பே நரைத்தால் அதை இளநரை என்கிறோம்.

கிடங்கு எப்போது காலியாகும் என்பதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 2016-ல் பிரேசில், கொலம்பியா, சிலி, மெக்சிகோ, பெரு ஆகிய ஐந்து நாடுகளில் 6,000 பேருக்கு மேல் ஆராய்ந்து, ஐ.ஆர்.எஃப்.-4 என்ற மரபணுவுக்கும் நரைக்கும் தொடர்பு இருப்பதைச் சொன்னார்கள். நரையோடு தொடர்புள்ளதாக முதலில் அடையாளம் காணப்பட்ட மரபணு இதுதான். அப்பாவுக்கு 22-ல் நரைத்து, பெரியப்பாவுக்கு 20-ல் நரைத்திருந்தால், பையனுக்கு நரைப்பதில் அதிசயமில்லை.

சித்த மருத்துவத்தில் உடல்வாகை வாதம், பித்தம், கபம் என்று மூன்றாகப் பிரித்துப் படிக்கிறோம். பித்த உடல்காரருக்குச் சீக்கிரமே நரையும் வழுக்கையும் வரும், கப உடல்காரருக்குக் கருத்து அடர்ந்த முடி இருக்கும் என்பது எங்கள் பாடம். உடல்வாகு பிறவியிலேயே அமைவது என்பதும் அதே பாடம்தான். மரபணு என்ற சொல் வருவதற்கு வெகுகாலம் முன்பே, சில விஷயங்கள் கூடவே பிறக்கின்றன என்று நம் முன்னோர் கவனித்திருக்கிறார்கள்.

ஆனால், எல்லா இளநரையையும் பிறவிக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பி-12 வைட்டமின் குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, தாமிரச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, புகைப்பழக்கம் இவையெல்லாம் இளநரையோடு சேர்ந்து காணப்படுகின்றன. மனக்கவலைக்கும் இதில் பங்குண்டு. 2020-ல் ஹார்வர்டு விஞ்ஞானிகள் எலிகளுக்குக் கடும் நெருக்கடி கொடுத்துப் பார்த்தார்கள். நரம்பு முனைகளிலிருந்து கொட்டிய நார்அட்ரீனலின், நிறமிச் செல்களின் கிடங்கையே காலி செய்துவிட்டது. 2021-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வில் ஒரு சுவாரஸ்யம். விடுமுறையில் போன ஒருவரின் தலையில் ஐந்து வெள்ளை முடிகள் வேரிலிருந்து மறுபடி கறுப்பாக வளர்ந்திருந்தன! ஐந்தே ஐந்துதான். ஆனாலும் அது பெரிய சேதி.

ஹாஸ்டல் பெண்ணின் மரத்துப்போன பாதம்

2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் அளவுக்குப் பெரிய விடுதி திறக்கப்பட்டது. இது போக, ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி வாடகை வீடுகளிலும் தனியார் ஹாஸ்டல்களிலும் தங்கி வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனையோ பேர். வீட்டைப் பிரிந்து வந்து, சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பும் பிள்ளைகள்.

அவர்களில் ஒரு பெண். வயது 23. "ஐயா, வீட்ல பொண்ணு பார்க்க வர்றாங்க. அதுக்குள்ள இந்த நரைக்கு ஏதாவது எண்ணெய் குடுங்க. எங்க அம்மாவுக்கும் சின்ன வயசுலயே நரைச்சிடுச்சு. பரம்பரைதான்" என்றாள். காரணத்தையும் அவளே சொல்லிவிட்டாள்!

நாக்கை நீட்டச் சொன்னேன். வழவழவென்று வெளுத்திருந்தது. கண்ணின் கீழ் இமையிலும் ரத்தமில்லை. கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாக வந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ராத்திரியில் உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது. பாதம் அடிக்கடி மரத்துப்போகிறது. முதல் ஷிப்ட் என்றால் காலை டிபன் கிடையாது. முட்டை, மீன், கறி எதுவும் தொடமாட்டாள். பாலும் பிடிக்காது.

எண்ணெய் கொடுக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் 8.4. பி-12-ம் ரொம்பக் குறைவு. பொது மருத்துவரிடம் அனுப்பி பி-12 ஊசி போடச் செய்து, இரும்புச்சத்துக்கு மருந்தும் உணவும் சொன்னோம். மூன்று மாதத்தில் மூச்சு வாங்கல் போனது. காலில் எறும்பு ஊர்வதும் நின்றது. நரையில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால், பி-12 குறைவை வருஷக்கணக்கில் விட்டிருந்தால் நரம்புகளுக்கு நிரந்தரச் சேதம் வந்திருக்கும். நடையே தடுமாறியிருக்கும். அம்மாவுக்கும் இதே சாப்பாடுதானே? அவரையும் பரிசோதிக்கச் சொன்னேன்.

2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவர்! ஆகவே, இளம்பெண்ணுக்கு முடி கொட்டினாலோ நரைத்தாலோ, அம்மாவைக் கேட்பதற்கு முன்னால் ரத்தத்தைக் கேளுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி-12, தைராய்டு... இந்த நாலு பரிசோதனை போதும்.

வழுக்கைக்குத் தாய்மாமன் பொறுப்பா?

"எங்க அப்பாவுக்கு வழுக்கை இல்லை. அம்மாவோட அப்பாவுக்குத்தான் வழுக்கை. எனக்கு வருமா?" என்று பையன்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆண் ஹார்மோனை மயிர்ப்பை எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பதைத் தீர்மானிக்கும் ஒரு முக்கிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். ஆகவே தாய்வழித் தாத்தாவைக் கைகாட்டுவதில் நியாயம் உண்டு. ஆனால், 2017-ல் பிரிட்டனில் 52,000-க்கும் அதிகமான ஆண்களை வைத்து நடத்திய ஆய்வில், வழுக்கையோடு தொடர்புள்ள 287 மரபணுப் பகுதிகள் அகப்பட்டன. அதில் 40 மட்டுமே எக்ஸ் குரோமோசோமில். மற்றவை இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம். தாத்தாவை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை!

பெண்களுக்கும் வகிடு அகலமாகிக்கொண்டே போவது உண்டு. கூடவே மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது, பரு இவையும் இருந்தால், சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

டெங்கு, டைபாய்டு காய்ச்சல், பிரசவம், பட்டினி டயட் இவற்றுக்கு இரண்டு, மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வேறு ரகம். அது வம்சமும் இல்லை, வழுக்கையும் இல்லை. உடம்பு தேறியதும் தானாக முளைக்கும்.

தண்ணீரும் ஹெல்மெட்டும்

"ஊர்ல இருந்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு. இங்க வந்துதான் எல்லாம் கொட்டுது. போர் தண்ணிதான் காரணம்" என்பது இந்த வட்டாரத்தில் தினம் கேட்கும் புகார். உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீர் முடியின் மேல் படிந்து அதைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், பாதியில் உடையும். வேரில் இருக்கும் சாயப் பட்டறையை அது தொடாது. உதிர்ந்த முடியை எடுத்துப் பாருங்கள். முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் வேரோடு வந்தது. இல்லாவிட்டால் நடுவில் உடைந்தது. தண்ணீர் செய்யும் வேலை பெரும்பாலும் இரண்டாவது. கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

ஹெல்மெட்டால் வழுக்கை வராது. வியர்வையும் பொடுகும் வரலாம். உள்ளே ஒரு பருத்தித் துணி கட்டி, அதைத் தினம் துவையுங்கள். ஹெல்மெட்டை மட்டும் கழற்றாதீர்கள். முடி போனால் பரவாயில்லை, தலை முக்கியம்!

தொழிற்சாலைத் தொப்பிக்குள் அடங்குவதற்காகப் பெண்கள் ஈர முடியை இழுத்துக் கொண்டை போடுகிறார்கள். வருஷக்கணக்கில் இப்படி இழுத்தால் நெற்றியோரம் வேர் பலவீனமாகும். காயவைத்துத் தளர்வாகப் போடுங்கள்.

குழந்தையின் முடி சொல்லும் சேதி

பெற்றோர் கவனிக்கவேண்டிய சில அடையாளங்கள்:

முன்நெற்றியில் பிறவியிலேயே ஒரு கொத்து வெள்ளை முடி: இதைப் பெருமையாகச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. பல சமயம் கெடுதல் இல்லை. ஆனால், சிலருக்கு இதோடு கண் நிறமும் மாறி, காது கேளாமையும் சேர்ந்து வரும். வார்டன்பர்க் என்ற பரம்பரைக் கோளாறு இது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. இப்படிப்பட்ட குழந்தைக்குப் பிறந்த உடனே காது பரிசோதனை அவசியம். சீக்கிரம் கண்டுபிடித்தால் கருவி பொருத்திப் பேச்சு வரவழைக்கலாம். காலம் கடந்தால் கஷ்டம்.

கறுப்பாக இருந்த முடி செம்பட்டையாகி, மெலிந்து, எளிதாகப் பிடுங்கி வருவது: வெயிலில் விளையாடும் பிள்ளைக்கு நுனி மட்டும் பழுப்பது சகஜம். வேரிலிருந்தே நிறம் மங்கி, கால் வீங்கி, பிள்ளை சோர்ந்திருந்தால் அது புரதச்சத்துக் குறைவு. 'எங்க வீட்டுல எல்லாருக்கும் செம்பட்டைதான்' என்று இருந்துவிடாதீர்கள்.

பிறவியிலேயே கம்பளி போன்ற முடியும், வளர வளர உள்ளங்கை, உள்ளங்கால் தோல் தடிப்பதும்: மிக அரிது. ஆனால், இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் இதயத் தசை நோயும் மறைந்திருக்கலாம். கிரேக்க நாட்டின் நாக்சோஸ் தீவில் 1980-களில் முதலில் விவரிக்கப்பட்ட நோய் இது. இதய டாக்டரிடம் காட்டவேண்டும்.

முடி, தோல், கண் மூன்றும் வெளிறிப் பிறப்பது: மெலனினே சரியாக உண்டாகாத நிலை. அம்மா, அப்பா இருவரும் வெளியே தெரியாமல் அந்த மரபணுவைச் சுமந்தால்தான் பெரும்பாலும் இது வரும். சொந்தத்தில் மாமன் மகள், அக்காள் மகள் என்று மணம் முடிக்கும்போது ஒரே மாற்றம் இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. தமிழ்நாட்டுத் திருமணங்களில் கால்வாசிக்கு மேல் இன்றும் சொந்தத்தில்தான் நடக்கின்றன. இந்தக் குழந்தைகளின் கண்ணையும் தோலையும் வெயிலிலிருந்து காப்பாற்றுவதுதான் முதல் வைத்தியம்.

எண்ணெயால் ஆவதும் ஆகாததும்

கரிசலாங்கண்ணி, நெல்லி, கறிவேப்பிலை, பொன்னாங்கண்ணி... இவையெல்லாம் எங்கள் வைத்தியத்தின் செல்வங்கள். இவற்றைப் போட்டுக் காய்ச்சிய தைலம் தலைக்குக் குளிர்ச்சி தரும், முடியை வழவழப்பாக வைக்கும், உடைவதைக் குறைக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் குளியுங்கள். ஆனால், எந்தத் தைலமும் மரபணுவை மாற்றாது. சுருட்டையைக் கோரையாக்காது. வெளியே வந்துவிட்ட வெள்ளை முடி உயிரில்லாத இழை. அதைத் தைலம் கறுப்பாக்காது. மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையில், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாதவற்றின் பட்டியலில் வழுக்கையும் இளநரையும் இருக்கின்றன. ஏழே நாளில் கருமை என்று யார் சொன்னாலும், அது என் துறைக்காரரே ஆனாலும், பர்ஸை மூடிக்கொள்ளுங்கள்.

டை போடுவது உங்கள் விருப்பம். பெரும்பாலான கறுப்பு டைகளில் பாராஃபினைலின் டைஅமின் என்ற ரசாயனம் இருக்கிறது. 'கறுப்பு மருதாணி' என்று விற்பதிலும் இருக்கலாம். முதலில் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ வீக்கமோ வந்தால் தொடவேண்டாம். டை பாக்கெட்டைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அதை விழுங்கினால் தொண்டை வீங்கி, சிறுநீரகம் பழுதாகி, உயிருக்கே ஆபத்து. ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

சுருட்டையை நேராக்கும் பார்லர் சிகிச்சையிலும் எச்சரிக்கை தேவை. சில கிரீம்களிலிருந்து ஃபார்மாலின் ஆவி வரும். கிளையாக்சிலிக் அமிலம் கலந்த கிரீமால் ஒரு பெண்ணுக்குத் திரும்பத் திரும்பச் சிறுநீரகம் பாதித்ததை 2024-ல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அப்படிச் செலவழித்து நேராக்கினாலும், வேரிலிருந்து வருவது மறுபடி சுருட்டைதான். பை வளைந்திருக்கிறதே!

சாப்பாட்டில் காசைப் போடுங்கள். இரும்புக்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை, சைவம் இல்லாதவர்களுக்கு ஈரல். கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்டதும் டீ குடித்தால் சேராது. பி-12 கீரையில் கிடைக்காது. பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான் உண்டு. காலை ஷிப்ட்டுக்கு ஓடும் பிள்ளைகள், ஒரு தம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும் ஒரு வேகவைத்த முட்டையுமாவது சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு நரைமுடிக்காகவும், சுருட்டைக்காகவும் நல்ல வரனைத் தள்ளாதீர்கள். அந்த முடி அவர்கள் கேட்டு வாங்கியது இல்லை. உங்கள் வீட்டுப் பேரக் குழந்தைக்கும் நீங்கள் என்ன கொடுத்துவைத்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது!